மலைநாட்டுக்குப் போன கன்னிகை



மே மாதம் 31-ந் தேதி, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள். நம்மில் வயது சென்றவர்களுக்கு இது ஜூலை 2-ந் தேதி கொண்டாடப்பட்டது நினைவிருக்கலாம். 1969-ல் திருச்சபையின் நாட்காட்டி திருத்தப்பட்டபோது மே மாதக் கடைசிக்கு மாற்றப்பட்டது. தேதி எதுவானாலும் மலையில் குடியிருக்கும் நமக்கு இது சொந்தத் திருநாள். ஏனெனில், கபிரியேல் சம்மனசு விடைபெற்றுப் போனதும் கன்னிமரியம்மாள் செய்ததாக அர்ச்சியசிஷ்ட லூக்காஸ் சொல்லும் முதல் காரியம் என்ன? மலைநாட்டுக்குப் புறப்பட்டதுதான். கோயிலுக்குப் போகவில்லை, ஊர்ப் பெரியவர்களிடமும் போகவில்லை. மலைமேல் இருந்த வயதான உறவுக்காரப் பெண்மணி ஒருத்தியைத் தேடிப் போனாள்.

நசரேத்திலிருந்து யூதேயா மலைநாடு நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் இல்லாத காலம். காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறி வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலே நமக்கு இடுப்பு வலிக்கிறது. அந்தக் கன்னிகையோ விரைந்து போனாள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. அவளுக்கு என்ன வயது என்று வேதாகமத்தில் எழுதவில்லை. ஆனால் அக்கால யூதர் வழக்கப்படி விவாக ஒப்பந்தமான பெண் என்றால் நம் வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெண்பிள்ளையின் வயதுதான் இருக்கும். அந்த வயதில், உலகத்தையே மாற்றப்போகிற ஒரு செய்தியைத் தன்னந்தனியே நெஞ்சில் சுமந்துகொண்டு வந்து, ஒரு வயதான அம்மாளின் வாசலில் நின்றாள்.

அந்த அம்மாள் என்ன செய்தாள் என்பதை இந்த வாரம் நாம் தியானிக்க வேண்டும். எலிசபெத்தம்மாள் மூன்று காரியம் செய்தாள். முதலாவது, கதவைத் திறந்தாள். "நீ ஏன் தனியே வந்தாய், உன் வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?" என்று விசாரணை நடத்தவில்லை. இரண்டாவது, அந்தச் சிறு பெண்ணுக்குள் சர்வேசுரன் வைத்திருந்ததை, அவள் வாய் திறந்து விளக்கும் முன்னே கண்டுகொண்டு, உரத்த குரலில் வாழ்த்தினாள். வயதில் மூத்தவள், குருவானவரின் மனைவி, ஊரில் மதிப்புள்ளவள். அவளே தன்னிலும் இளையவளைத் தன்னிலும் பெரியவளென்று சொன்னாள். மூன்றாவது, அந்தப் பெண் பேசத் தொடங்கியபோது குறுக்கிடாமல் கேட்டாள். கன்னிமரியம்மாள் சாதாரணமான வார்த்தையா பேசினாள்? வலியவர்களை ஆசனத்திலிருந்து இறக்குவதும், தாழ்ந்தவர்களை உயர்த்துவதும், பசித்தவர்களை நிரப்புவதும் சர்வேசுரனின் செயல் என்று பாடினாள். ஒரு சிறு பெண் நம் வீட்டுத் திண்ணையில் நின்று இப்படிப் பேசினால், "வாயை மூடு பிள்ளே, யாராவது கேட்கப் போகிறார்கள்" என்று நாம் சொல்லியிருக்க மாட்டோமா?

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறருக்குப் பிரசங்கம் செய்கிறவன் தன் காரியத்தை மறைத்துவிட்டுச் செய்யக்கூடாது.

சென்ற ஐப்பசி மழையின்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகாய கங்கை முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ நம் வளப்பூர் நாட்டுக்கு ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் அதே நாட்டில் நம்மில் பல வீடுகள் குடிதண்ணீருக்கு இன்னும் ஊற்றங்கரையில் குடத்தோடு நிற்கின்றன. அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் நான் பத்துக் கற்பனைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். "சாமி, ஊற்றுக்கு மேலே புதுசா மாட்டுப்பட்டி போட்டிருக்காங்க. மழை பெஞ்சா சாணியெல்லாம் ஊற்றுக்குள்ளே இறங்குது. தினமும் தண்ணி எடுக்கப் போறப்ப பார்க்கிறேன். அதனாலேதான் பிள்ளைங்களுக்கு உடம்பு கெடுது" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஊர்ப் பெரியவங்க பார்க்க வேண்டிய காரியம். நீ ஐந்தாம் கற்பனையைச் சொல்லு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் கற்பனை கொலை செய்யாதிருக்கச் சொல்லுகிறது. பிறருடைய உயிருக்குக் கேடு வராமல் காப்பதும் அந்தக் கற்பனையில் அடக்கம் என்று நானே பல தடவை கற்பித்திருக்கிறேன். அன்று அந்தக் கற்பனையை உயிரோடு அனுசரித்தவள் அவள். வெறும் வார்த்தையாக ஒப்பிக்கச் சொன்னவன் நான்.

மூன்று வாரம் கழிந்து கிராம சுகாதாரச் செவிலியர் வந்து, ஊற்றைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். அன்றைக்கே ஊர்க்கவுண்டரும் மற்றவர்களும் கூடிப் பட்டியை மாற்றினார்கள். ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கினார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள் மேலும் எத்தனை பிள்ளைகள் படுத்தார்கள்! ஒரு கைக்குழந்தையை இரவோடு இரவாக மலையிறக்கிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. குழந்தை பிழைத்தது, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். பிழைக்காமல் போயிருந்தால் அதில் என் பங்கு எவ்வளவு என்று நினைத்து எத்தனையோ இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை சாமி, எங்க வீட்டிலேயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.

அன்பார்ந்தவர்களே, அந்த வார்த்தையை நாம் எளிதாக விட்டுவிடலாகாது. வீட்டிலும் கேட்கவில்லை, கோயிலிலும் கேட்கவில்லை. இந்த மலையில் தண்ணீர் எடுக்கிறவர்கள் பெண்பிள்ளைகள். விறகு பொறுக்குகிறவர்களும், தம்பி தங்கையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிறவர்களும் அவர்களே. எந்தப் பாதையில் இருட்டுகிறது, எந்த ஊற்று முதலில் வற்றுகிறது, எந்த வீட்டில் இரண்டு நாளாய் அடுப்புப் புகையவில்லை என்று நம் எல்லாருக்கும் முன்பாக அறிந்தவர்கள் அவர்கள்தான். காரியத்தை அறிந்தவர்களைப் பேசவிடாமல், அறியாதவர்கள் கூடி முடிவு செய்தால் ஊர் எப்படி உருப்படும்?

அரசர் ஆகமத்தில் ஒரு சிறு பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. இஸ்ராயேல் நாட்டிலிருந்து சிறைபிடிக்கப்பட்டு, சீரியா நாட்டுச் சேனாதிபதி நாமான் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். எசமானருக்குக் குஷ்டரோகம். எங்கே போனால் குணமாகும் என்று அந்த வீட்டில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் தன் எசமானியிடம் சொன்னாள்; எசமானி புருஷனிடம் சொன்னாள்; நாமான் ராஜாவிடம் போனான்; ராஜா கடிதம் கொடுத்தான்; முடிவில் யோர்தான் நதியில் நாமான் சுகமடைந்தான். அந்தச் சிறு பெண்ணின் வார்த்தை இவ்வளவு தூரம் நடந்துபோனதற்குக் காரணம், முதலில் அதைக் கேட்ட ஒரு மூத்த பெண்மணி. எசமானி காதைத் திறந்திராவிட்டால் அந்த வார்த்தை சமையலறையிலேயே செத்திருக்கும். பெண்பிள்ளைக்குப் புத்தி இருந்தால் மட்டும் போதாது. அந்தப் புத்தியைக் கைப்பிடித்து வாசல்வரை கொண்டுவர ஒரு பெரியவர் வேண்டும்.

நம் மலையின் கதையையே பாருங்கள். நம் ஆயாமார் காலத்தில் இந்தச் சரிவுகளில் சாமையும் தினையும் வரகும் கேழ்வரகும் விளைந்தன. பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு வந்து அந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டது. கிழங்கில் காசு வந்தது, சாமை குறைந்தது. சாமையை உரலில் இடித்து உமி நீக்குகிற பாடும் பெண்கள் தலையிலேயே விழுந்ததால், அவர்களும் அதை விட்டுவிட்டார்கள். 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் மலைக்கு வந்து வேலை செய்தபோது, எந்த விதை எந்த மண்ணுக்கு ஆகும், எதை எப்படிச் சேமிப்பது என்று யாரிடம் கேட்டார்கள்? நம் பெண்களிடமும் கேட்டார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்தன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் சாமையையும் தினையையும் சுத்தம் செய்து பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கின. விதை வங்கிகள் உண்டாயின. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, உலகம் புகழ்ந்தது நம் ஆயாமார் பானையிலும் குதிரிலும் காத்துவைத்த விதையைத்தான்.

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஆயாவுக்குத் தெரிந்ததில் எவ்வளவு அவள் பேத்திக்குத் தெரியும்? பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்ததில் எவ்வளவு ஆயாவுக்கு உதவுகிறது? ஒருத்திக்கு விதை தெரியும், கணக்கு தெரியாது. மற்றவளுக்குக் கணக்கு தெரியும், விதை தெரியாது. இருவரும் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்கிறார்கள். இடையில் பேச்சில்லை.

நம் சபையைச் சேராத கிறிஸ்தவர்களானாலும் இம்மலை மறக்கலாகாத இருவரைச் சொல்லுகிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டு, எவெலின் பிராண்டு என்ற தம்பதிகள் இங்கே வைத்தியமும் கல்வியும் கொடுத்தார்கள். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இந்த மலையிலேயே இறந்தார். எவெலினம்மாள் ஓய்வு பெறும் வயது வந்தபின், ஊர் திரும்பாமல், தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பி வந்தார். வயது தளர்ந்த காலத்தில் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனார். கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1974-ல் தமது 95-ஆம் வயதில் இறந்தார். "எனக்கு வயதாகிவிட்டது சாமி, இனி நான் யாருக்கு என்ன செய்வது?" என்று சொல்லும் பாட்டிமாருக்கு நான் வேறு பதில் தேட வேண்டியதில்லை. எலிசபெத்தம்மாளுக்கும் வயதாகித்தான் இருந்தது.

கீழ்நாட்டிலும் இப்படி நடந்ததுண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத் என்ற அம்மையார். எழுத்தோடு கூடப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கிற பெண்களும், வயலில் வேலை செய்கிற பெண்களும், பள்ளி மாணவிகளும் கற்றார்கள். தெருவில் நின்று கேலி பேசினவர்கள் உண்டு. அதற்கெல்லாம் நிற்காமல், கற்றவள் கல்லாதவளைப் பின்னால் பிடித்து ஓட்டக் கற்பித்தாள். அவள் இன்னொருத்திக்குக் கற்பித்தாள். இப்படியே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றதாகக் கணக்குச் சொன்னார்கள். நம் மலையில் சைக்கிள் ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்து, பிறகு கையை விட்டுவிடுகிற அந்த வித்தை எந்த மலையிலும் செல்லும்.

நம் திருச்சபையின் வழக்கமும் அதுவே. புதுச்சேரியில் துபுயி சுவாமி, பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்கென்றே மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை 1844-ல் ஸ்தாபித்தார். நமது சேலம் மேற்றிராசனம் உண்டானது 1930-ல். அதற்கு 86 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. எழுத்தறிந்த பெண்ணை ஊர் ஏளனமாய்ப் பார்த்த காலம் அது. ஏளனத்துக்குப் பயந்திருந்தால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனையோ கன்னியர் பள்ளிக்கூடங்கள் இருந்திரா.

அதற்கும் வெகுகாலத்துக்கு முன், இத்தாலி தேசத்துச் சியென்னா நகரில், துணிக்குச் சாயம் போடுகிற ஒருவர் வீட்டில் 1347-ல் அர்ச். கத்தரீனம்மாள் பிறந்தாள். வீடு நிறையப் பிள்ளைகள். பள்ளிப் படிப்பு இல்லை. வீட்டார் கலியாணத்துக்கு வற்புறுத்தியபோது தன் கூந்தலை வெட்டிக்கொண்டாள். அவளை ஏற்றுக்கொண்டவர்கள் யார்? அர்ச். சாமிநாதர் மூன்றாம் சபையைச் சேர்ந்த பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதான விதவைகள். அந்த விதவைகள் நடுவில் வளர்ந்த சாயக்காரர் மகள், பிற்காலத்தில் ராஜாக்களுக்கும் கர்தினால்மாருக்கும் கடிதம் எழுதுவித்தாள். பரிசுத்த பாப்பரசர்கள் உரோமாபுரியை விட்டு அவிஞ்ஞோன் நகரில் ஏறக்குறைய எழுபது வருஷம் தங்கியிருந்தபோது, 1376-ல் அங்கே போய், பதினொன்றாம் கிரகோரியார் பாப்பரசரையே உரோமைக்குத் திரும்பும்படி வற்புறுத்தினாள். அடுத்த வருஷம் அவர் திரும்பினார். 1970-ல் திருச்சபை அவளை வேதபாரகி என்று அறிக்கையிட்டது. பாப்பரசர் ஒரு சாயக்காரர் மகளின் வார்த்தைக்குச் செவிகொடுத்தார். இந்தப் பங்கின் குரு, ஊற்றங்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வார்த்தைக்குச் செவிகொடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்படுகிறேன்.

இனி உங்கள் நியாயங்களுக்கு வருகிறேன். வீடு வீடாய் வந்தபோது நீங்கள் சொன்னவற்றை நான் மறக்கவில்லை.

"இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே, இவளுக்கு எதற்கு இவ்வளவு?" என்கிறீர்கள். போகட்டும். போகிற ஊரில் ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டி இராதா? நம் ஊருக்கு மருமகளாய் வருகிற பெண்ணுக்கு அவள் தாய்வீட்டார் கற்பித்து அனுப்பினால் நமக்கு நன்மைதானே? கன்னிமரியம்மாளும் மூன்று மாதம் தங்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினாள். எலிசபெத்தம்மாள் அவளைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

"காலம் கெட்டுக் கிடக்கிறது, தூரத்துப் பள்ளிக்கு எப்படி அனுப்புவது?" என்கிறீர்கள். இந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதையில் பாம்பு இருந்தால் பாதையைத் துப்புரவாக்குவோமா, நடக்கிறவளின் காலைக் கட்டுவோமா? பெண்பிள்ளைகள் கூட்டமாய்ப் போகட்டும். பெரியவர்கள் முறைவைத்துப் பஸ் நிற்குமிடம்வரை துணை போகட்டும். எந்தப் பிள்ளைக்காவது தீங்கு நேர்ந்தால், அல்லது நேருமென்று தோன்றினால், 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் தொலைபேசியில் சொல்லலாம். மானம் போய்விடும் என்று மூடிவைப்பது தீங்கு செய்தவனுக்குச் செய்கிற உபகாரம்.

"பேசக் கற்றுக்கொண்டால் எதிர்த்துப் பேசுவாள்" என்கிறீர்கள். உண்மைதான். பேசுவாள். எனக்கும் எதிர்த்துப் பேசுவாள். அவள் சொல்வது சரியானால் நாம் திருந்துவோம். தவறானால் நியாயம் சொல்லி அவளைத் திருத்துவோம். ஒன்றும் பேசாத பிள்ளையைத் திருத்துவதற்கும் வழியில்லை. அவள் உள்ளத்தில் என்ன இருக்கிறதென்றே நமக்குத் தெரியாதே!

"நாங்கள் கூலிக்குப் போனால் சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்கிறீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. இதற்குப் பதில் ஒரு வீட்டாரால் ஆகாது. ஊரே கூடித்தான் சொல்ல வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்லுகிறேன்.

கலியாண விஷயத்தில் மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு விவாகம் செய்வது குற்றம். அந்த வயது நிரம்பாத பெண்ணுக்கு இந்தக் கோயிலில் நான் ஓலை வாசிக்க மாட்டேன்; வேறெங்காவது தாலி கட்டிவிட்டு வந்து ஆசீர்வாதம் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அரசாங்கமும் தன் வழியை மாற்றிக்கொண்டிருக்கிறது பாருங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். அதே பெயரிலுள்ள திட்டத்தை உயர்கல்விக்கு என்று மாற்றி, புதுமைப் பெண் திட்டமாக 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கினார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து, மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வருகிறது. தாலிக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு மாறியது. நம் மனமும் அப்படி மாறலாகாதா?

ஆகையால், இந்தத் திருநாளிலிருந்து ஆகஸ்டு 15-ந் தேதி தேவமாதாவின் ஆரோபணத் திருநாள் வரையில், ஏறக்குறைய கன்னிமரியம்மாள் மலைநாட்டில் தங்கியிருந்த காலம் அளவுக்கு, ஒரு காரியம் செய்வோம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு எலிசபெத்தம்மாளைத் துணையாகக் கொடுப்போம். அவள் படித்தவளாய் இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் தாயாய் இல்லாமல் வேறு வீட்டுப் பெண்மணியாய் இருந்தால் நல்லது. தாயிடம் சொல்லக் கூசுவதைப் பிள்ளைகள் அத்தையிடம் சொல்லுவதுண்டு.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பின், கோயில் தாழ்வாரத்தில் எல்லாரும் பார்க்கும்படி கூடட்டும். முதல் மாதம் பெண்பிள்ளை கேட்கட்டும், பெரியவள் சொல்லட்டும்: விதை, ஊற்று, மூலிகை, இந்த ஊர் பட்ட பாடு, சுய உதவிக் குழு எப்படிக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்குகிறது என்பதெல்லாம். இரண்டாம் மாதம் பெண்பிள்ளை கற்பிக்கட்டும்: கையெழுத்துப் போட, பாங்கிப் புத்தகம் வாசிக்க, மருந்துச் சீட்டில் எத்தனை வேளை என்று பார்க்க. மூன்றாம் மாதம் இருவரும் சேர்ந்து ஊரில் ஒரு குறையைத் தெரிந்துகொள்ளட்டும். அது தெருவிளக்காயிருக்கலாம், குழாயாயிருக்கலாம், பள்ளிக் கழிப்பறையாயிருக்கலாம். யாருக்கு அதனால் வருத்தம், எவ்வளவு காலமாய், நாமே சரிசெய்யக் கூடியது எவ்வளவு, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்து எழுதட்டும். ஆகஸ்டு 15 கிராமசபை கூடும் நாளும் ஆகும். திருநாள் பூசை முடிந்து, வோட்டு உரிமையுள்ள பெண்மணிகள் அந்த மனுக்களோடு சபைக்குப் போகட்டும்; எழுதின பிள்ளைகள் கூடவே போய் உட்கார்ந்து பார்க்கட்டும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் நம் மாநிலத்தில் சட்டமாயிற்று. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவள், புருஷன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறவளாய் இருப்பாளா, தானே யோசித்துப் பேசுகிறவளாய் இருப்பாளா என்பது இன்றைக்கு நாம் அவளை எப்படி வளர்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

துணை நிற்கும் பெண்மணிகளுக்கு மூன்று வார்த்தை. பிள்ளைக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள்; அவள் திக்கினாலும் காத்திருங்கள். அவள் தவறினால் நாலு பேர் முன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் தன் துன்பம் எதையாவது சொன்னால் அதை ஊர்ப்பேச்சாக்காதீர்கள். அதே சமயம், தீங்கான காரியமானால் மூடியும் வைக்காதீர்கள்.

ஆண்பிள்ளைகளே, உங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எலிசபெத்தம்மாள் வீட்டில் ஒரு ஆண்பிள்ளையும் இருந்தார். அவள் புருஷன் சக்கரியாஸ். அவரும் என்னைப் போல ஒரு குரு. சம்மனசின் வார்த்தையை நம்பாததினால் அவர் ஊமையாயிருந்த மாதங்கள் அவை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் உலக இரட்சிப்பைப் பற்றிப் பேசினார்கள். குருவானவர் வாய் திறக்க முடியாமல் இருந்தார். கடைசியில் அவர் வாய் திறந்தது எப்போது? குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டபோது, உறவினரெல்லாம் ஒப்பாத எலிசபெத்தம்மாளின் வார்த்தையையே பலகையில் எழுதி உறுதிப்படுத்தினபோது. இந்த மூன்று மாதமும் நானும் நீங்களும் கொஞ்சம் சக்கரியாஸ் விரதம் அனுசரிப்போம். பெண்பிள்ளை பேசி முடிக்கும்வரை வாயைக் கட்டுவோம். கட்டின வாய் அவிழும்போது, அவள் சொன்ன நியாயத்துக்குச் சாட்சி சொல்லுவோம்.

கடைசியாக, ஊற்றைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்ணின் காரியம். அவளிடமும் அவள் தாயிடமும் கேட்டு, அவர்கள் சம்மதத்தின் பேரில்தான் இதை எழுதுகிறேன். அவள் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். வியாழக்கிழமை அவள் தாய் என்னிடம் வந்தாள். "சாமி, மேலே படிக்க வைக்க எனக்கும் ஆசைதான். நாங்க ரெண்டு பேரும் கூலிக்குக் கீழே போகணும். சின்னவனுங்க ரெண்டு பேரையும் பார்க்க ஆளில்லை. இவளை நிறுத்தினாத்தான் எங்க வீட்டிலே அடுப்பு எரியும்" என்றாள். அவள் கண்ணீரை நான் பார்த்தேன். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ஆனால் வீட்டில் நிறுத்திவைத்த பெண்ணைத் தேடித் தரகர் வருவதற்கு அதிக நாள் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருக்கின்றன. இரண்டு சிறுவர்களுக்குப் பள்ளி விட்டது முதல் பொழுது சாயும்வரை ஒரு திண்ணையும், ஒரு வாய்ச் சோறும், ஒரு பெரியவரின் கண்ணும் வேண்டும். திண்ணைக்கு என் பங்களாவின் திண்ணையைக் கொடுக்கிறேன். சோற்றுக்கு வாரம் ஒரு வீடு ஒரு படி சாமை கொடுத்தால் போதும். பெரியவரின் கண்ணுக்குத்தான் ஆள் தேடுகிறேன். ஐந்து ஆயாமார் ஆளுக்கொரு நாள் வந்தால் அந்தப் பெண் படிப்பாள். இப்படி நிற்கிற வீடு அது ஒன்று மட்டுமல்ல. திண்ணை இருந்தால் மற்றப் பிள்ளைகளும் வருவார்கள்.

ஒரு கன்னிகை மலையேறி வந்து ஒரு வீட்டு வாசலில் நின்றபோது அந்தக் கதவு திறந்தது. இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை நம் வாசலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் கோயில் வாசற்படியில் நிற்பேன். வருகிறவர்கள் வந்து பெயர் கொடுங்கள்.

மலைநாட்டைத் தேடி வந்த தேவமாதா நம் வீடுகளையும் சந்திப்பாளாக. சர்வேசுரன் உங்களையும் உங்கள் பெண்மக்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் ஆத்தும நன்மையை நாடும்,
பங்குக் குரு,
வளப்பூர் நாடு, கொல்லிமலை.